பெண்ணைத் தொலைத்த ஆலோசகர்

"பொண்ணு எங்க?"

கார்வின் பதறிப்போய்க் கேட்டபோது, வெர்லீன் அம்மாள் காரில் சாய்ந்து நின்று உருளைக்கிழங்கு வறுவலை சாஸில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"உள்ளதான் எங்கயாவது இருப்பா."

"எங்கயாவதா? விளையாடறீங்களா மேடம்? ரெண்டு தடவை வீட்டை விட்டு ஓடினவ! ஒரு தடவை நெவாடா எல்லை வரைக்கும் துரத்திப் போய்ப் பிடிச்சுட்டு வந்தோம். அவளைத் தனியா விட்டுட்டு நீங்க பாட்டுக்கு மொக்கிட்டு நிக்கறீங்க!"

"பசிச்சது சார்."

கார்வினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? பதினாறு வயது மகள் பிரின்லி மாசக்கணக்காகப் பள்ளிக்கூடம் போகவில்லை. அறைக் கதவைச் சாத்தினால் சாத்தினதுதான். பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கிடையாது. போன மாதம் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ப் பிழைத்து வந்திருக்கிறாள். "வீட்ல வெச்சுப் பார்க்கறது கஷ்டம், தங்கியிருந்து சிகிச்சை எடுக்கற இடமாப் பார்த்துச் சேருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அப்படிப்பட்ட விடுதிகளுக்கா பஞ்சம்? தடுக்கி விழுந்தால் ஒன்று. எது நல்லது, எது வெறும் பளபளப்பு என்று பிரித்துச் சொல்லத்தான் ஆலோசகராக இந்த வெர்லீன் அம்மாளை அமர்த்தினார்கள்.

அவரோ எடுத்த எடுப்பிலேயே குண்டைத் தூக்கிப் போட்டார். "இடம் பார்க்கப் போகும்போது பொண்ணையும் கூட்டிட்டு வாங்க."

கார்வினுக்குத் தெரிந்த யாரும் அப்படிச் செய்ததில்லை. பிள்ளையிடம் மூச்சு விட மாட்டார்கள். விடியற்காலையில் வாட்டசாட்டமாக இரண்டு பேர் வந்து படுக்கையிலிருந்து எழுப்பி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கென்றே ஆட்கள் உண்டு. கார்வினும் நாளைக் காலைக்குச் சொல்லி வைத்திருந்தார்.

"படுக்கையிலேர்ந்து இழுத்துட்டுப் போன பிள்ளை, அப்புறம் அந்த வீட்ல நிம்மதியாத் தூங்குமா சார்? இன்னிக்கு ஒரு நாள் எனக்குக் குடுங்க. அவளா ஒரு இடத்துக்குச் சரின்னு சொல்லலைன்னா, நாளைக்கு உங்க ஆளுங்க வரட்டும்" என்றிருந்தார் வெர்லீன் அம்மாள்.

காலையில் பார்த்த முதல் விடுதியில் குதிரைகள், நீச்சல் குளம். கார்வின் அங்கேயே சொக்கிப்போய்விட்டார். இரண்டாவது இடத்திடம் நட்சத்திர ஓட்டலே தோற்றுவிடும். இரண்டு இடத்திலும் மேலாளர்கள் விழுந்து விழுந்து விளக்கினார்கள். வெர்லீன் அம்மாள் அதைக் காதில் போட்டுக்கொண்டால்தானே? பிரின்லியைக் கூட்டிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார், அங்கே சிகிச்சைக்குத் தங்கியிருந்த பெண்களோடு அவளை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். வெளியே வந்த பிரின்லி இரண்டு தடவையும் இல்லை என்று தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

மூன்றாவது இடம் இது. செம்மண் குன்றுகளுக்கு நடுவே சாயம் போன ஒரு பண்ணை வீடு. வாசலில் ஒரு நாய் சொறிந்துகொண்டு கிடந்தது.

கார்வினின் மனைவி மார்லா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மாடியிலயும் இல்ல, லாயத்துலயும் இல்ல! போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறா. நான் கூப்பிட்டு என்னிக்கு எடுத்திருக்கா? என் நம்பரைப் பார்த்தாலே அவளுக்கு ஆகாது." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"போதும்டா சாமி!" கார்வின் போனை எடுத்தார். "நாளைக்கு என்ன நாளைக்கு? அந்த ஆளுங்களை இப்பவே வரச் சொல்றேன்."

எண்ணை அழுத்திவிட்டார். அப்போதுதான் வீட்டின் பின்பக்கத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"இதென்ன கிழங்கு சீவற லட்சணம்? பாதிக் கிழங்கு தோலோட போகுது!"

"வந்துட்டாடி மகாராணி! எங்க, நீ சீவு பார்ப்போம்!"

கொல்லென்று நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்பு பிரின்லியுடையது. மார்லா அழுகையை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

ஈரக் கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டே பிரின்லி வந்தாள். அப்பாவின் கையிலிருந்த போனைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது.

"யாருக்குப்பா போன்? என்னைத் தூக்கிட்டுப் போற ஆளுங்களுக்கா?"

"உ... உனக்கு எப்படி...?"

"முதல் இடத்துல இருக்கற பொண்ணுங்க எல்லாரும் அப்படித்தான் வந்தாங்களாம். எனக்கு அவங்க வேண்டாம்ப்பா. நானே வர்றேன். இங்க."

"ஹலோ, யாருங்க பேசறது?" என்றது போன்.

"வேண்டாம்யா, யாரும் வர வேண்டாம்!" கார்வின் போட்ட சத்தத்தில் நாய் எழுந்து ஓடியது. "எங்க பொண்ணு தானே வர்றாளாம்யா! தன் காலால நடந்து வர்றாளாம்!"

சந்தோஷமாகப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனாலும் அவருக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"அதென்னம்மா, குதிரையையும் நீச்சல் குளத்தையும் விட்டுட்டு இந்தப் பாடாவதி வீட்டைப் போய்ப் பிடிச்சிருக்கே?"

பிரின்லிக்குக் காது சிவந்தது.

"சொல்லு தாயீ" என்றார் வெர்லீன் அம்மாள், விரலில் ஒட்டிய சாஸை நக்கியபடி. "இன்னிக்கு இடம் பார்க்க வந்த அதிகாரி நீ, நான் வெறும் டிரைவர். மூணு இடத்துலயும் அந்தப் பொண்ணுங்ககிட்ட நீ ஒரே கேள்விதானே கேட்டிருப்பே?"

பிரின்லி அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"மத்த ரெண்டு இடத்துலயும், சேர்ந்து மூணு மாசத்துக்கு அம்மாகிட்ட போன்ல பேச விட மாட்டாங்களாம்."