பன்னிரண்டு மணி நேரப் பொருத்தம்

ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம் இருந்தது. இடித்தது கடிகாரம்தான்.

மாப்பிள்ளை நல்லசிவன் கோவில்பட்டியில் உட்கார்ந்தபடியே சிங்கப்பூர் கம்பெனிக்கு உழைக்கிறவன். கம்பெனி விதிப்படி அவன் அறைக்குள் சிங்கப்பூர் நேரம், சிங்கப்பூர் மழை. நாலு தெரு தள்ளியிருக்கும் செண்பகவல்லிக்குக் கனடாக் கம்பெனி. அவள் அறையில் கனடா நேரம், முழங்கால் அளவு பனி.

ஊரெல்லாம் காபி குடிக்கும் நாலரை மணிக்குப் பெண் பார்க்கப் போனார்கள். அவள் கம்பளிக் குல்லாவோடு, கொட்டாவியை மென்றபடி வந்து கும்பிட்டாள். நல்லசிவனுக்கு அந்தக் கொட்டாவியே பிடித்துப்போயிற்று.

அம்மா அவன் காதைக் கடித்தாள். "ஏலே, உனக்கு இப்ப ராத்திரி ஏழு, அவளுக்குக் காலை ஏழு. அவ எந்திரிக்கையில நீ படுக்கப் போவே. இது சரிப்படாது, கெளம்பு."

"சண்டை போட நேரமே கெடைக்காதேக்கா! இதவிட நல்ல எடம் ஏது?" என்றார் தரகர். எடுபடவில்லை.

ஏற்கெனவே மூன்று இடங்கள் இப்படித்தான் தட்டிப்போயிருந்தன. நல்லசிவன் வெட்கத்தை விட்டுவிட்டு, பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும் என்றான்.

அவள் அறை வாசலில் நின்றார்கள். உள்ளிருந்து வந்த குளிரில் அவனுக்குப் பல் தந்தியடித்தது.

"எந்திரிச்சதும் என்ன சாப்பிடுவீங்க?"

"காலையில வேறென்ன, இட்லிதான். ராத்திரிக்கு நீங்க?"

"நானும் இட்லிதாங்க."

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"அம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே ஈடா ஊத்திரு!"