கலவா பாயிண்ட்

கரை ஏறியதும் ஏறாததுமாகத் தாமோதரன் போட்ட சத்தத்தில் குப்பத்து நாய்கள்கூட எழுந்து தள்ளிப் படுத்துக்கொண்டன.

"ரேகா! இன்னாமே பண்ணி வெச்சிருக்கே? நம்ம பாயிண்ட்ல டில்லிபாபுவோட போட் நின்னுகினு கீது!"

வாசலில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி ரேகா நிமிர்ந்தாள். "அதுக்கு நான் இன்னாய்யா பண்ணேன்?"

"எந்நேரமும் ஏஐ ஏஐன்னு போனாண்ட பேசிகினு கீறியே, அதுகிட்ட ஒளறிட்டே. அது அவனாண்ட போட்டுக் குடுத்துடுச்சு!"

பாயிண்ட் என்பது எண்ணூர்க் கடலுக்கடியில் பாறை கிடக்கும் ஓர் இடம். அங்கே தூண்டில் இறக்கினால் கலவா மீன் நிச்சயம். ஜிபிஎஸ்ஸில் பார்த்தால் இரண்டு வரி நம்பர், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குப்பத்தில் அவசரம் என்றால் தாலிச் செயினைக்கூடக் கழற்றிக் கொடுப்பார்கள், பாயிண்ட்டைக் கொடுக்கமாட்டார்கள். தாமோதரன் இன்னும் ஒரு படி மேலே. தூரத்தில் வேறொரு போட் தெரிந்தாலே தோளில் கிடக்கிற துண்டை எடுத்து ஜிபிஎஸ்ஸை மூடிவிடுவான். கூடவே தொழிலுக்கு வருகிற மச்சான்கூட எட்டிப் பார்க்க முடியாது.

ரேகா அபார்ட்மென்ட்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் மீன் விற்கிறாள். அதற்கு விளம்பரம் எழுதித் தருவது ஏஐ. போன மாதம் 'டீசல் மானியம்' என்று வந்த லிங்க்கைத் தாமோதரன் அமுக்கப் போனபோது, அதை ஏஐயிடம் காட்டி, மோசடி என்று தெரிந்துகொண்டு தடுத்ததும் அவள்தான். அந்த நன்றியெல்லாம் இப்போது உப்புத் தண்ணீரில் கரைந்துபோயிருந்தது.

"சங்கத்து மீட்டிங்ல போன பத்தி பேச வந்த மேடம் தலபாடா அடிச்சுகினாங்களே! அதுகிட்ட ரகசியம் எதையும் சொல்லாதீங்க, எங்க போய்ச் சேரும்னு தெரியாதுன்னு. காதுல வாங்குனியா? தவள தன் வாயால கெட்டுச்சாம்!"

"வாங்குனேன்யா. ஆதாரு, பேங்கு, பாயிண்ட்டு, எதையும் அதுகிட்ட சொல்றதில்ல."

"பின்ன டில்லிபாபுவுக்குக் கனாவுல வந்துச்சா? குடு போன!"

பிடுங்கித் தேடினான். முந்தைய நாள் பேச்சு திறந்தது. மேலே அவனுடைய படம். கைக்குழந்தை சைஸில் ஒரு கலவாவைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். விளம்பரம் கேட்டிருந்தாள் ரேகா. எழுதிக் கொடுத்துவிட்டு அது கீழே ஒரு வரி சேர்த்திருந்தது.

'படத்தில் இருப்பவருக்குப் பின்னால் உள்ள ஜிபிஎஸ்ஸில் இடத்தின் நம்பர்கள் தெளிவாகத் தெரிகின்றன. வெளியே அனுப்பும் முன் மறைத்துவிடுங்கள்.'

தாமோதரன் துள்ளிக் குதித்தான். "பாத்தியா! நம்பர படிச்சிருச்சு கஸ்மாலம்!"

ரேகா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"சரிய்யா. கவனிக்காம அதுக்கு அனுப்புனது என் தப்புதான். இனிமே மறைச்சுட்டுதான் அனுப்புவேன். ஆனா அபார்ட்மென்ட் குரூப்ல நான் போட்டத பாரு. நம்பர் மேல மீன் பொம்ம ஒட்டியிருக்கேன்."

பார்த்தான். ஒட்டித்தான் இருந்தது.

"அப்ப அவனுக்கு எப்டிமே தெரிஞ்சுச்சு?"

"இந்த போட்டோவ நீ என்னாண்ட மட்டும் அனுப்புனேன்னுல்ல நெனச்சுகினு கீறேன். வேற எங்கனா போட்டியா?"

தாமோதரனின் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்தியது.

ரேகா அவன் சட்டைப்பையிலிருந்து போனை உருவினாள். ஸ்டேட்டஸில் அதே படம். 'கடல் ராஜா' என்று கொட்டை எழுத்து, கூடவே பாட்டு வேறு. பின்னால் துண்டு போடாத ஜிபிஎஸ். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். நம்பர் பளிச்சென்று இருந்தது.

"தூ! துண்டு போட்டு மூடுற மூஞ்சப் பாரு!"

பார்த்தவர்கள் பெயரைத் தள்ளிக்கொண்டே போனாள். அவளுக்கு எரிச்சலோடு வருத்தமும் வந்தது. படம் எடுத்த மச்சான், சித்தப்பா, சங்கத் தலைவர், பங்காளிகள், குப்பம் முழுக்க வரிசையாக இருந்தது. டில்லிபாபு 'சோக்கா கீது மாமு' என்று பதிலே போட்டிருந்தான்.

தாமோதரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இப்ப அழிச்சிடட்டா?"

"இனிமே இன்னாத்துக்கு?" போனை அவன் கையில் திணித்துவிட்டு, ரேகா மறுபடி ஐஸ் உடைக்க உட்கார்ந்தாள். "இத்தினி பேரும் நம்ம ஜனம்தான்யா, பாத்துட்டு கம்முனு இருந்தாங்க. மறைச்சுடுன்னு சொன்னது, போட்டுக் குடுத்துச்சுன்னு நீ பழி போட்டியே, அந்த ஏஐ ஒண்ணுதான்."