தேடல் பெட்டிக்குப் பூட்டு

“பாய், அந்தத் தேடுற பொட்டியத் தொறக்கப் போறியா இல்லியா?”

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஷஃபியுல்லாவின் பிரவுசிங் சென்டருக்குள், தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் யேசுதாஸ் நுழைந்த வேகத்தைப் பார்த்து, உள்ளே இருந்த இரண்டு பேரும் வேலையை விட்டுத் திரும்பினார்கள்.

“சர்வர் தாங்காதுப்பா,” என்றான் ஷஃபி, தலையைத் தூக்காமலே.

இது 2006-இல் நடந்தது. மானிட்டர்களுக்கெல்லாம் முதுகில் தொந்தி இருந்த காலம். ஒரு பக்கம் திறப்பதற்குள் எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அப்போது ஷஃபி, தொழிற்பேட்டை ஆட்களுக்காக இணையத்தில் ‘கும்மிடி மன்றம்’ என்று ஒரு விவாத மன்றம் நடத்தினான். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், வாடகைக்கு ரூம் எங்கே கிடைக்கும், பி.எஃப். பணத்துக்கு யாரைப் பிடிக்க வேண்டும் என்று ஃபிட்டரும் வெல்டரும் கூடிப் பேசிய இடம். அங்கே நடந்த சண்டையும் கேலியும் இன்று எந்த செல்போனிலும் இல்லை. நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

கூட்டம் சேர்ந்ததும் வந்தது வினை. ஷிப்ட் விட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பழைய பதிவுகளைத் தேடுவார்கள். சர்வர் படுத்துவிடும். இன்னொரு முறை இப்படி ஆனால் மன்றத்தையே நிறுத்திவிடுவோம் என்று சர்வரை வாடகைக்கு விட்டவர்கள் மிரட்டினார்கள். ஷஃபி தேடும் வசதியை மூடிவிட்டான். அதன் பிறகு எது வேண்டுமானாலும் கேள்வியாகத்தான் கேட்க வேண்டும். யாராவது பதில் போடும்வரை காத்திருக்க வேண்டும்.

“தாங்காதா? பொங்கலுக்கே பெரிய சர்வருக்கு மாத்திட்டியாமே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

ஷஃபி உள்ளே இருந்த இரண்டு பேரையும் ஓரக்கண்ணால் பார்த்தான்.

“நேத்து ஒருத்தன் இண்டர்வியூக்கு வழி கேட்டுட்டு ஒக்காந்துகினு இருந்தான். பதிலு வர்றதுக்குள்ள இண்டர்வியூவே முடிஞ்சிபோச்சி. அதே கேள்விக்குப் போன மாசமே பதிலு கீது. தேட முடிஞ்சிருந்தா போய்ச் சேந்திருப்பான். இன்னா அல்பத்தனம் பாய் இது?”

ஷஃபி அவனை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

“மோசஸ் அண்ணனுக்காகத்தான்பா,” என்றான் தணிந்த குரலில்.

மோசஸை மன்றத்தில் தெரியாதவர்கள் கிடையாது. தகடு வெட்டும் பவர் பிரஸ் மெஷினில் வலது கையைப் பறிகொடுத்துவிட்டு மணவாள நகரில் வீட்டோடு இருப்பவர். யார் என்ன கேட்டாலும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பதில் போடுபவர் அவர்தான்.

“மாசக்கணக்கா செவுத்தப் பாத்துகினு படுத்திருந்த மனுசன். நான் தேடறத மூடுனப்பதான் யாரோ கேட்ட கேள்விக்கு மொதமொதலா பதிலு போட்டாரு. அதுக்கப்பறம்தான் எழுந்து ஒக்காந்து ஒழுங்கா சாப்புடறாருன்னு அவரு ஊட்டுக்காரம்மா சொன்னாங்க. இப்பத் தொறந்துட்டா, அவரு எழுதி வெச்சதெல்லாம் தேடுனாலே கெடச்சிடும். அப்பறம் அவர யாரு கேப்பா?”

யேசுதாஸ் அவன் பிடியை விலக்கிவிட்டான்.

“இருக்கட்டும். தொற.”

“இவ்ளோ சொல்லியும் உனுக்கு மனசு எறங்கலியா?”

“தொறன்றேன்ல. இல்லன்னா பெரிய சர்வர் விஷயத்த மன்றத்துலயே போட்டு ஒடச்சிடுவேன்.”

கல்நெஞ்சன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஷஃபி தேடல் பெட்டியைத் திறந்துவிட்டான்.

மறுநாள் மன்றத்தைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. மோசஸிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த மனிதர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். தயங்கித் தயங்கித்தான் திறந்தான்.

வழக்கத்தைவிட அதிகமாகவே கேள்விகள் வந்திருந்தன. முதல் கேள்வி யேசுதாஸுடையது.

‘மோசஸண்ணே, சாப்ட்டீங்களா? எளாவூர்ல இருந்து பேட்டைக்கு மொத பஸ்ஸு எப்போ?’

மோசஸ் நேரத்தைச் சொன்னதோடு நிற்காமல், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் முகத்தில் வெயில் அடிக்காது என்பதுவரை எழுதியிருந்தார்.

ஷஃபி உடனே போன் போட்டான்.

“தாஸு, நீ டெய்லி அந்த பஸ்லதானப்பா வேலைக்கி வர்ற?”

“ஆமா.”

“அப்பறம் இன்னாத்துக்குக் கேட்ட? மத்தவங்களும் அப்பிடித்தானா? யாருமே தேடிப் பாக்கலியா?”

“எல்லாரும் தேடிப் பாத்துட்டுத்தான் கேட்டோம் பாய். பசங்ககிட்ட நாந்தான் சொல்லி வெச்சேன்.”

“இதுக்கு நான் பூட்டியே வெச்சிருக்கலாமே.”

“வேற வழியில்லாம கேட்டா அதுல அவருக்கு இன்னா மரியாத கீது? இப்பப் பொட்டி தொறந்து கெடக்குது, அது அவருக்கும் தெரியும். அப்பவும் நாங்க அவரத்தான் கேக்கறோம்.”