நாலாம் நம்பர் கட்டில்

“எந்தப் பக்கம் சரியில்லைன்னு நீயே தேடப் போறியா பாப்பா, இல்ல நானே சொல்லிடட்டுமா?”

நாலாம் நம்பர் கட்டிலில் கிடந்தவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார். தட்டிப் பார்க்கும் ரப்பர் சுத்தியலோடு நின்ற மாணவிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“நானேதான் கண்டுபிடிக்கணும்யா. ஃபைலைக்கூடத் தொடக் கூடாதுன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார்.”

“தப்பாச் சொன்னா?”

“சிபாரிசுக் கடிதம் கிடையாது. அது இல்லேன்னா மேல்படிப்புக்கு நரம்பியல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.”

கோடை விடுமுறையின் நாலு வாரத்தையும் அவள் இந்த மூளை நரம்பு வார்டுக்கே தாரைவார்த்திருந்தாள். பார்த்தது என்னவோ மூளையை அல்ல, முதுகுகளைத்தான். பெரிய டாக்டருக்குப் பின்னால் சின்ன டாக்டர்கள், அவர்களுக்குப் பின்னால் இன்னும் சின்ன டாக்டர்கள், கடைசியில் இவள். ஆபரேஷன் தியேட்டரிலும் அதே வரிசைதான். மண்டையைத் திறந்தபோது இவளுக்குத் தெரிந்தது மயக்க மருந்து டாக்டரின் வலது காது மட்டும். இன்று கடைசி நாள்.

“சரி, ஒரு பேரம் பேசிக்குவோம்” என்றார் கட்டிலில் கிடந்தவர். “நான் விஷயத்தைச் சொல்றேன். நீ என்னை எழுப்பி நடக்கவிடாம, படுத்த மேனிக்கே தட்டிட்டுப் போயிடணும்.”

“அதெல்லாம் தப்புங்க.”

“நாலாம் நம்பருக்கு இடது கை, இடது கால். பேச்சு லேசாக் குழறும். வலது மூளையில கட்டி, கோலிக்குண்டு சைசு. நாளைக்கு ஆபரேஷன். சிஸ்டர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே.”

மனசு கேட்காமல் அவள் சோதித்தே பார்த்தாள். முட்டிக்குக் கீழே தட்டினால் இரண்டு காலும் ஒன்றுபோலத் துள்ளின. இடது கை பிடித்த பிடியில் அவள் விரல்கள் நொறுங்கப் பார்த்தன.

“என்னய்யா, ரெண்டு பக்கமும் ஜம்முனு இருக்கே!”

“அப்படியா? வேணும்னா இடதைக் கொஞ்சம் தளர்த்திக்கறேன்.”

கண்ணால் பார்த்ததைச் சொல்வதா, காதால் கேட்டதைச் சொல்வதா? யோசித்து முடிப்பதற்குள் பெரிய டாக்டர் பரிவாரத்தோடு வந்துவிட்டார். கட்டிலின் நம்பரைப் பார்த்தார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கி ரசித்துப் பார்த்தார்.

“ம், சொல்லும்மா.”

சிபாரிசுக் கடிதம் அவள் கண்முன்னால் ஆடியது.

“இடது கை, கால் பலவீனம் சார். பேச்சுல குழறல். வலது மூளையில கட்டி இருக்கலாம்.”

“சபாஷ்!” பெரிய டாக்டர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அந்த இடது கையைத் தூக்கிக் கீழே போட்டார். “பாருங்க, கல்லு மாதிரி விழுது!”

பதினோரு தலைகள் ஆடின.

“எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் டாக்டர்!” என்று கணீரென்று பதில் வந்தது.

“குழறல் கேட்டுதா?”

“நல்லாவே கேட்டுது சார்” என்றன பதினோரு வாய்களும்.

“படத்தைப் பார்க்காமலே சொல்லிட்டா! இதுக்குப் பேர்தான் டாக்டர் கண்ணு. உங்கள்ல எத்தனை பேருக்கு இருக்கு?”

நின்ற இடத்திலேயே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அப்போது கழிவறைக் கதவு திறந்தது. இடது காலை இழுத்து இழுத்து வெளியே வந்த ஒல்லி மனிதர் கூட்டத்தைக் கண்டு திகைத்து நின்று, பிறகு குழறிக் குழறிச் சொன்னார்:

“மச்சான், துணைக்கு வந்தவன் படுத்திருந்தா சிஸ்டர் திட்டும்னு அப்பவே சொன்னேன்ல? எந்திரி, அது என் கட்டில்.”