வாலில் ஒட்டிய வெள்ளை

பனைமரத்துக் கலயத்திலிருந்து அணில் கள் இறக்கி வந்தது. காகம் எலுமிச்சம்பழத்தைக் கொத்திப் பிழிந்தது. வெள்ளாடு புதினாவையும் இஞ்சியையும் குளம்பால் நசுக்கிப் போட்டது. கலக்கி, ஆளுக்கொரு சிரட்டை குடித்தார்கள்.

உடனே ஆடு தள்ளாடியது. காகம் அணிலைக் கட்டிக்கொண்டு அழுதது. "தம்பி, நீ புதைச்சு வச்ச கடலையைத் தின்னது நான்தான்!"

"போனாப் போகுது அண்ணே!" என்று அணிலும் அழுதது. கண்ணைத் துடைக்க வாலை எடுத்தால், அதில் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"ஐயையோ, புளிக்காம இருக்கச் சுண்ணாம்பு தடவின கலயம்! இதுல ஏது போதை? நாம குடிச்சது வெறும் பதநீர்!" என்றது அணில்.

காகம் சட்டென்று விலகிக்கொண்டது. ஆடு மட்டும் தள்ளாட்டத்தை நிறுத்தாமல் சிரட்டையை நீட்டியது.

"கள்ளுன்னே சொல்லி ஊத்துப்பா. நான் செஞ்சதை இன்னும் சொல்லவே இல்லை."