அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஒன்பது வருடமாக இழுத்துக்கொண்டிருந்த வேலை, இன்னும் இரண்டே ஒப்புதலில் முடிந்துவிடும்.

மேசையைச் சுற்றிப் பதினொரு பேர். ஒரு கணினி மொழியில் நிரல் எழுதுகிற எல்லோரும் இனி இந்த விதிகளின்படிதான் எழுத வேண்டும் என்று சொல்லப்போகும் தடித்த வரைவு, ஒவ்வொருவர் முன்னாலும் கிடந்தது. தலைவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்பது பேர் ஒப்புதல் சொல்லிவிட்டார்கள்.

மிச்சம், வரைவை வரி வரியாக எழுதிய தொகுப்பாளர். அவரை அடுத்து, கடைசி நாற்காலியில் முட்டுக்கட்டை.

முட்டுக்கட்டை என்பது அந்த அம்மாவுக்குக் குழு வைத்த பெயர். நான்கு முறை வரைவைத் திருப்பி அனுப்பியவர். ஒரே ஒரு விதிக்காக ஏழு மாதம் மல்லுக்கட்டியவர்.

அவரைத் திட்டாதவர் தொகுப்பாளர் மட்டும்தான். நான்கு முறையும் அந்த அம்மா சொன்னதே சரி என்பது வரைவை எழுதிய கைக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லாத நன்றி ஒன்று அவருக்குள் வருடக்கணக்காகச் சேர்ந்து கிடந்தது.

இப்போதும் எல்லோரும் முட்டுக்கட்டையைத்தான் பயந்துபோய்ப் பார்த்தார்கள். தொகுப்பாளரை நினைத்துப் பயப்பட யாருக்கும் தோன்றவில்லை. பெற்றவனே பிள்ளையை வேண்டாமென்பானா?

தொகுப்பாளரோ தன் முன்னால் கிடந்த வரைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் பேருந்தில் வரும்போது சும்மா ஓர் ஆசைக்கு வரைவைப் புரட்டியிருந்தார். கணக்கில் ஓர் எண் தனக்குரிய அளவை மீறினால் நிரல் உடனே நிற்க வேண்டும் என்றது நாற்பதாம் பக்கம். மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும் என்றது அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். போன வருடம் ஒன்றைத் திருத்தியவர் மற்றதைக் கோட்டைவிட்டிருக்கிறார். விட்டவர் சாட்சாத் அவரேதான்.

மருத்துவமனைகளில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிகளுக்கு இந்த மொழியில்தான் நிரல் எழுதுகிறார்கள். எண்ணிக்கை பிசகினால் மருந்தின் அளவும் பிசகும்.

சொன்னால் இன்னொரு சுற்று, குறைந்தது ஒரு வருடம். சொல்லாவிட்டால் இன்றே கைதட்டல். “உங்க புத்தகம் என் கல்யாணத்துக்குள்ள வந்துடுமாப்பா?” என்று பன்னிரண்டு வயது மகள் கேலி செய்துதான் வழியனுப்பியிருந்தாள்.

தலைவர் அவர் பக்கம் திரும்பினார். ஒப்புதல் என்று குறித்துக்கொள்ளப் பேனாவைத் தாளில் ஊன்றியே விட்டார்.

“எனக்கு ஆட்சேபணை இருக்கு. தப்பு என்னோடதுதான்,” என்றார் தொகுப்பாளர்.

இரண்டு பக்கங்களையும் படித்துக் காட்டினார். இரண்டு மூன்று பேர் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

முறைக்காகத் தலைவர் முட்டுக்கட்டையையும் கேட்டார். அந்த அம்மா, பூர்த்தி செய்த ஆட்சேபணைப் படிவம் ஒன்றைத் தலைவரிடம் தரச் சொல்லித் தொகுப்பாளர் கையில் கொடுத்தார்.

நாற்பதாம் பக்கம், அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். தேதி மூன்று வாரத்துக்கு முந்தியது.

வரைவு உறுப்பினர்களின் பார்வைக்குப் போனபின் அதைப் பற்றி யாரும் தனியாகப் பேசக்கூடாது, எதுவானாலும் மேசையில்தான் என்பது குழுவின் விதி. அந்த அம்மா விதியை மீறுகிறவர் இல்லை. தன் முறை வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த நிமிடமே மானம் போயிருக்கும் என்று நினைத்தபடி தொகுப்பாளர் படிவத்தின் கடைசி வரிக்கு வந்தார். அங்கே எழுத்து கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

பிழையைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில், அதே கையெழுத்தில், அதே மையில், ‘தொகுப்பாளர்’ என்று எழுதியிருந்தது.