தக்காளிப் பாத்தியில் அயோடின்

"கிடைச்சிடுச்சு, கோரா! நம்ம தோட்டத்து மண்ணுலயே கிடைச்சிடுச்சு!"

சமையலறைக்குள் ஓடிவந்த வெண்டெல், ஒஹையோ மாநிலத்து மண்ணில் கதிரியக்கத்தை அளந்தே தலை நரைத்த பேராசிரியர். நாற்பது கட்டுரைகள் வெளியிட்டிருந்தார். எல்லாவற்றிலும் ஒரே முடிவுதான்: இயல்பான அளவே, கவலை வேண்டாம். "ஒண்ணுமில்லைங்கிறதையே இத்தனை விதமா எழுதினவர் நீங்கதான்" என்று கிண்டலடித்தே துறைத் தலைவர் அவருடைய பதவி உயர்வைத் தள்ளிப்போட்டு வந்தார்.

"என்ன கிடைச்சுது?" என்றாள் அவர் மனைவி கோரா.

"கதிரியக்க அயோடின்! அது மண்ணுல தானா வராது. எங்கேயோ அணு உலை கசியுது, யாரோ மூடி மறைக்கறாங்க. ஆய்விதழ்ல பேசிட்டேன். இன்னொரு தடவை மண்ணெடுத்து உறுதிப்படுத்தினா உடனே போடறாங்களாம். இனிமே என் பதவி உயர்வை எவன் தடுப்பான்?"

"மண்ணை எங்கே எடுத்தே?"

"உன் தக்காளிப் பாத்தியில. அங்கதான் பொலபொலன்னு கிளறி விட்டிருந்தே."

கோரா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கிளறினது நான் இல்லை, வெண்டெல். பக்கத்து வீட்டு ட்ரூடியோட பூனை. அதுக்குத் தைராய்டு. போன வாரம் ஆஸ்பத்திரியில கதிரியக்க அயோடின் ஊசி போட்டாங்க. வெளியில விடாதீங்கன்னு சொல்லித்தான் அனுப்பினாங்களாம். அது ஜன்னல் வழியா குதிச்சு நம்ம பாத்திக்குத்தான் வருது, காலைக்கடனுக்கு."

வெண்டெல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கோராவுக்குப் பாவமாக இருந்தது. அவர் தோளில் கை வைத்தாள்.

அவர் நிமிர்ந்தார்.

"ட்ரூடிகிட்ட ஒண்ணு சொல்றியா?"

"பூனையைக் கட்டி வைக்கச் சொல்லணுமா?"

"ஐயோ, வேணாம்! நாளைக்கு நான் மறுபடி மண்ணெடுக்கணும். ஜன்னலைத் திறந்தே வைக்கச் சொல்லு."